சுடாத பீரங்கி

நைனாவின் இடது கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை நீரஜா வெந்நீர் தொட்டுத் தொட்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஓரங்கள் கிளம்பின. நடுப்பகுதி விடவில்லை. உயிரோடு இருந்தபோது இதை இழுத்தால் நைனா பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். இப்போது பார்க்க முடியாது. கண்களை அவள்தான் மூடியிருந்தாள். ஆனாலும் மெதுவாகவே இழுத்தாள்.

“உட்டுடுடி. யாரு பாக்கப் போறாங்க அத?” என்றாள் கமலம்மா அத்தை, நைனாவின் தங்கை.

“நந்து வந்து பாப்பா.”

கமலம்மாவின் குரல் மாறியது. “ஆமாண்டி. அவ பாத்தா தாங்க மாட்டா. நல்லா எடுத்துடு.”

நீரஜா ஈரப் பஞ்சைப் பிழிந்தாள். இரண்டு வருஷமாக அந்தக் கையைப் பார்த்தவள் அவள். நீ தாங்குவாயா என்று யாரும் கேட்டதில்லை.

நீரஜாவின் அப்பா தணிகாசலம் அன்று காலை திருப்பதியில், டயாலிசிஸ் படுக்கையில் இறந்துபோனார். சித்தூரிலிருந்து விடிவதற்குள் கிளம்பிப் போய், வெயில் ஏறிய பிறகு திரும்புவது அவர்கள் வழக்கம். அன்றும் ஏறத்தாழ அதே நேரத்துக்குத் திரும்பினார்கள். காருக்குப் பதில் ஆம்புலன்ஸ்.

கடைசியாக அவர் கேட்டது ஒரு கேள்வி.

“அங்க மணி இன்னா இருக்கும்?”

அங்கே என்றால் மால்டா. மால்டா என்றால் நந்திதா, இளையவள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். யார் யாருடைய அப்பாக்களையோ குளிப்பாட்டித் துடைத்துவிடுகிற வேலை. நீரஜா மணிக்கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. “தூங்கிக்கினு இருப்பா நைனா,” என்றாள். அவர் தலையசைத்தார். கொஞ்ச நேரத்தில் மெஷின் கத்தியது.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பிளாஸ்திரி வந்துவிட்டது. அடியில் தோல் வெளுத்து, சதுரமாக, வேறு யாருடைய தோலோபோல இருந்தது. அவள் அதன்மேல் வேட்டியின் முனையை இழுத்து மூடினாள்.

*

தணிகாசலத்துக்குப் பீரங்கிப் பைத்தியம் என்பது தெருவுக்கே தெரியும். மாம்பழக் கூழ் ஆலையில் உற்பத்தி மேலாளராக இருந்தவர். ஒருமுறை பாய்லர் பரீட்சை எழுத மெட்ராஸ் போனவர், பொழுது போகாமல் கோட்டை மியூசியத்துக்குள் நுழைந்திருக்கிறார். வெளியே வரிசையாகப் பீரங்கிகள். இதுதான் பெரியதா, இதைவிடப் பெரியது உண்டா என்று காவலாளியைக் கேட்டிருக்கிறார். அந்த ஆளுக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தவர் அதை விடவேயில்லை. செல்போனும் நெட்டும் வந்தபிறகு பதில்கள் கொட்டின.

போர்க்களத்துப் பீரங்கிகள் அவருக்கு வேண்டாம். கடற்கரைக் கோட்டைகளில், கப்பல்களைப் பார்த்து நிறுத்திவைத்த ராட்சதப் பீரங்கிகள்தான் வேண்டும். அதுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்காக இருக்க வேண்டும். நியூயார்க்கில் ஒரு பூங்காவில் ராட்மன் பீரங்கி ஒன்று நிற்கிறது. எதிரே நியூஜெர்சிக் கரையில் மணல்திட்டுக் கோட்டையில் அதன் ஜோடி. இருபது அங்குல வாய். நூறு டன் ஆம்ஸ்ட்ராங் பீரங்கி மால்டாவில் ஒன்று, ஜிப்ரால்டரில் ஒன்று. உலகத்தில் வேறெங்கும் அது மிச்சமில்லை. கோயில்களைச் சொல்வதுபோல அவர் ஊர்களைச் சொல்வார். எந்தப் பக்கம் இறங்கி எப்படிப் போக வேண்டும் என்பது வரை சொல்வார்.

டயாலிசிஸ் நடக்கும்போது ஒரு கை அசையக் கூடாது. மறு கையால் போனைப் பிடித்தால் அவருக்கு நடுக்கம். அதனால் நீரஜாதான் பிடிப்பாள்.

“நீரூ, இத பாரேன். இதோட வாயில ஒரு ஆளு நொழஞ்சி படுக்கலாம்.”

“ம்.”

“வார்க்கும்போது உள்ள தண்ணி உட்டுக் குளிர வெச்சான் ராட்மன். உள்ளேர்ந்து வெளிய. மத்தவங்கல்லாம் வெளியேர்ந்து உள்ள. அதான் வெடிச்சிப் பூடும்.”

“சுட்டா எவ்ளோ தூரம் போவும்?” அவளுக்கு அப்போது வீட்டில் ஊறப்போட்ட உளுந்து பற்றிய நினைப்பு.

“சுடலையே. அதான் விசேஷம். சோதனைக்கு ஏதோ ரெண்டு மூணு தரம். சண்டையில ஒரு வாட்டி கூட சுடல. மால்டாவுல இருக்கறதும் அப்டித்தான். இது நின்னுக்கினு இருக்குதுன்னு தெரிஞ்சாலே கப்பல் வராது.”

“ம்.”

அந்த ‘ம்’ அவருக்குப் போதவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அரைமணியில், “நந்துக்குப் போடு,” என்பார். நைட் டூட்டி நாள் என்றால் நந்திதா உடனே திரையில் வருவாள். ஆபீஸ் பையன்கள் கிரிக்கெட் பேசுவதுபோல இரண்டுபேரும் பேசுவார்கள். நந்திதா கேள்வி கேட்பாள், சண்டை போடுவாள், “போ நைனா, ஜிப்ரால்டர்ல இருக்கறது வேற குழாய் மாத்தினது, அது ஒரிஜினல் இல்ல,” என்று சீண்டுவாள். அவர் படுக்கையில் எழுந்து உட்காரப் பார்ப்பார். நீரஜாவின் கை மரத்துப்போகும்.

“அக்கா, கொஞ்சம் மேல தூக்கு. நைனா நெத்தி மட்டுந்தான் தெரியுது.”

அவள் தூக்கிப் பிடிப்பாள்.

*

மதியத்துக்குமேல் ராம்ப்ரசாத் உள்ளே வந்தான். நீரஜாவின் கணவன். முகத்தில் வேலை முடித்த திருப்தி.

“ஐஸ் பெட்டி வந்துடுச்சி. காலைல நந்திதா வந்த ஒடனே எடுத்துடலாம். அப்பறம், வேட்டுக்குச் சொல்லிட்டேன்.”

“இன்னா வேட்டு?”

“ஏர்போர்ட்லேர்ந்து போன் பண்ணா. பிளேன் ஏறப் போறாளாம். அழுதுக்கினே சொல்றா, ‘மாமா, நைனாக்கு பீரங்கி மரியாதை குடுக்கணும், இருபத்தொண்ணு வெடிக்கணும்’னு. கங்கையாகிட்ட நாட்டு வேட்டு இருக்குது. இரும்புக் கொழாயில மருந்து கெட்டிச்சி வைப்பான். தெருவே ஆடும்.” அவன் குரலைத் தாழ்த்தினான். “நல்ல ஐடியா இல்ல? கூடவே இருந்த, உனுக்குத் தோணல பாரு.”

வாசலில் ஐஸ் பெட்டியை இறக்குகிற சத்தம் கேட்டது. கமலம்மா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

“அதாண்டா பொண்ணு,” என்றாள். “தூரத்துல இருந்தாலும் அப்பனுக்கு எது புடிக்கும்னு தெரியுது பாரு.”

“வேட்டு வேணாங்க,” என்றாள் நீரஜா.

“ஏன்?”

“பக்கத்துல கொழந்தைங்க இருக்குது.”

“கொழந்தைங்க பயப்படும்னு வேட்டு வெக்காம இருப்பாங்களா? நீ சும்மா இரு. நந்திதா மனசு கஷ்டப்படும்.”

*

மறுநாள் விடிந்ததும் பெரியப்பா மகன் பாபு பிளெக்ஸ் கொண்டுவந்து காம்பவுண்டுச் சுவரில் கட்டினான். ஆண்பிள்ளை இல்லாத வீடு. கொள்ளிச்சட்டி அவன்தான் எடுக்க வேண்டும். மேலே தெலுங்கில் அஞ்சலி, கீழே தமிழில் பெயர், நடுவே நைனா. ஆனால் நீரஜா கொடுத்த படம் அதில் இல்லை.

“நான் வேற போட்டோ குடுத்தேனே?”

“அது பேங்க் பாஸ்புக்குக்கு எடுத்தது இல்லக்கா? போலீசு புடிச்சிக்கினு போன மாரி இருக்கறாரு சித்தப்பா. இது நந்து அனுப்சது. எவ்ளோ களையா இருக்கறாரு பாரு.”

களையாகத்தான் இருந்தார். மூன்று வருஷத்துக்குமுன், சிறுநீரகம் முற்றாகக் கெடுவதற்குள், நந்திதா அவரை மால்டாவுக்குக் கூட்டிப்போனபோது எடுத்தது. பின்னால் நீலக் கடல். கறுத்த, வழவழத்த, வீட்டைவிட நீளமான குழாய். அதன்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, தொப்பி போட்டுக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தபடி நைனா. அந்தச் சிரிப்பை நீரஜா நேரில் பார்த்ததில்லை. தன் கல்யாணத்திலும் பார்த்ததில்லை.

பக்கத்தில் நின்றிருந்த நந்திதாவைக் கடைக்காரன் வெட்டியிருந்தான். ஆனால் அவள் கையை வெட்ட முடியவில்லை. அது நைனாவின் தோளில், மணிக்கட்டோடு, பிளெக்சில் இருந்தது. தெருவில் போகிறவர்களுக்கு அது யார் கை என்று தெரியாது. நீரஜாவுக்குத் தெரிந்தது.

அந்தப் பயணத்துக்கு நைனா அவளையும் கூப்பிட்டார். கூப்பிட்டார் என்றால், “நீயும் வாயேன்,” என்றார். மாடியில் காய்கிற துணியை எடுக்கப் போகும்போது சொல்கிற மாதிரி. அவள், “வீட்ட யாரு பாக்கறது?” என்றாள். அவர் மறுமுறை கூப்பிடவில்லை. மறுமுறை கூப்பிட்டிருந்தால் போயிருப்பாள்.

*

நந்திதாவின் கார் தெருமுனையில் திரும்பியபோதே அழுகை எழுந்தது. காலையிலிருந்து அடங்கியிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே மூச்சில் ஆரம்பித்தார்கள். வழி விட்டார்கள். கம்பளிக் கோட்டோடு, கலைந்த தலையோடு அவள் ஓடிவந்து பெட்டியின் கண்ணாடிமேல் விழுந்தாள்.

“நைனா. வந்துட்டேன் நைனா. ஜிப்ரால்டர் போலாம்னியே நைனா.”

கமலம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். “உம் பேரத்தாண்டி சொல்லிக்கினே இருந்தாரு.”

சொல்லவில்லை. அத்தை ஆஸ்பத்திரிக்கே வந்ததில்லை. ஆனால் பொய் என்றும் சொல்ல முடியாது. நீரஜா சுவரோரம் நின்று பார்த்தாள். தான் நேற்றுக் காலையிலிருந்து ஒருமுறைகூட இப்படி அழவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆம்புலன்சில் கையெழுத்துப் போட்டாள், டிரைவருக்கு வழி சொன்னாள், பாதத்தில் போர்வை விலகாமல் பிடித்துக்கொண்டாள். அழ இடம் கிடைக்கவில்லை.

நந்திதா எழுந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உடம்பெல்லாம் விமானத்தின் வாடை.

“அக்கா. கடைசியா இன்னா சொன்னாரு?”

அந்தக் கேள்வி வரும் என்று நீரஜாவுக்குத் தெரியும். இரவெல்லாம் அதற்காகவே காத்திருந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

“ஒண்ணும் சொல்லல.”

“ஒண்ணுமேவா?”

“மயக்கத்துல இருந்தாரு.”

நந்திதா தலையை அவள் தோளில் வைத்தாள். நீரஜா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். சரியான இடைவெளியில், கைக்குழந்தைக்குத் தட்டுவதுபோல.

*

பாடை கட்ட மூங்கில் வர நேரமானது. சாவு வீட்டில் அழுகை ஓய்ந்து பேச்சு தொடங்குகிற நேரம். சாமியானாவுக்குக் கீழே நாற்காலிகள் நந்திதாவைச் சுற்றி நெருங்கின. மால்டாவைப் பற்றி யாரோ கேட்டார்கள். அவள் மூக்கைச் சிந்திவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். நீரஜா காப்பித் தட்டோடு அந்தப் பக்கம் வந்தாள்.

“ரினெல்லான்னு கோட்டை. அதுக்குள்ள அந்த பீரங்கி. நைனா உள்ள போன ஒடனே செருப்பக் கழட்டிட்டாரு. ‘நைனா, இது கோயில் இல்ல’ன்றேன். ‘இருக்கட்டும்’றாரு. ஒரு குண்டு ஒரு டன் கிட்ட வருமாம், அதத் தூக்கி வெக்க நீராவி இஞ்சின். நம்ம பேக்டரி பாய்லர் மாரியேன்னு அந்த கைடுக்கே சொல்லித் தராரு, பாதி தெலுங்கு பாதி இங்கிலீஷு.”

சிரித்தார்கள். பாபு அழுதுகொண்டே சிரித்தான்.

“அங்க ஒரு ஷோ உண்டு. அந்தக் காலத்து சிப்பாய் டிரஸ் போட்டுக்கினு, துப்பாக்கி, சின்ன பீரங்கில்லாம் சுட்டுக் காட்டுவாங்க. அதுக்கோசரம் காத்துக்கினு இருந்தோம். கரெக்டா அந்த நேரம் பாத்து நைனாக்கு வயிறு கலக்கிடுச்சி. பாத்ரூம்னு போனவரு போனவருதான். மொத்த ஷோவும் முடிஞ்சிடுச்சி. தேடிக்கினு போறேன், வெளிய ரோட்டுல, தூரமா, பஸ் ஸ்டாப்புல உக்காந்துக்கினு இருக்காரு. ‘இன்னா நைனா, இவ்ளோ தூரம் வந்து மிஸ் பண்ணிட்டியே’ன்னேன். ‘குடுத்து வெக்கல’ன்றாரு. பாவம். எனக்கு இன்னிக்கும் மனசு ஆறல. அதான் இன்னிக்கு வேட்டு. அங்க கேக்காதத இங்கியாவது கேக்கட்டும்.”

“நல்ல காரியம்மா,” என்றார் யாரோ பெரியவர்.

நீரஜா காப்பித் தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.

பஸ் ஸ்டாப். அவளால் அதைப் பார்க்க முடிந்தது. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் காதுகளில் வைத்துக்கொண்டு.

அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஆலையில் ஒருநாள் நீராவிக் குழாய் வெடித்தது. நைனாவுக்கு ஓர் அடிகூடப் படவில்லை. ஆனால் இரண்டு காதிலும் பஞ்சோடு வீட்டுக்கு வந்தார். அம்மா வாயசைத்து அசைத்துப் பேசினாள். காது மறுபடி கேட்கத் தொடங்கியபிறகு சத்தம் அவருக்கு ஆகாமல் போனது. குக்கர் விசில் வந்தால் எழுந்து வாசலுக்குப் போவார். நந்திதா அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தாள். அவள் விவரம் தெரிந்து பார்த்ததெல்லாம் தீபாவளிக்குத் தீபாவளி டூட்டிக்குப் போகிற அப்பாவைத்தான்.

டூட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு தீபாவளிக்கு அம்மா நீரஜாவிடம் பலகாரம் கொடுத்தனுப்பினாள். பெரிய பெண்ணாகிவிட்ட வயது. ஆலையில் வாட்ச்மேன் தவிர ஒருவரும் இல்லை. அவர் குளிர்பதன அறையைக் காட்டினார். கனத்த கதவைத் தள்ளினாள். கூழ் டிரம்களுக்கு நடுவே, ஸ்வெட்டரும் மப்ளரும் போட்டுக்கொண்டு, ஸ்டூலில் நைனா. வெளியே ஊரே வெடித்துக்கொண்டிருந்தது. உள்ளே மோட்டாரின் ரீங்காரம் மட்டும். அவர் திடுக்கிட்டு எழுந்தார். பிறகு, சின்னப் பையன் மாட்டிக்கொண்டதுபோலச் சிரித்தார்.

“நீரூ. நந்துகிட்ட சொல்லிடாத.”

“ஏன் நைனா?”

“பீரங்கி பீரங்கின்னு அவகிட்ட அளந்து வெச்சிருக்கேன். அப்பன் ஊசிப் பட்டாசுக்குப் பயந்து ஒளிஞ்சிக்கினு இருக்கான்னு தெரிஞ்சா சிரிப்பா.”

அவள் சொல்லவில்லை. அம்மா போனபிறகு அது தெரிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். பல வருஷம் அதைப் பொத்திவைத்திருந்தாள். நந்திதாவுக்கு மால்டாவும் ஜிப்ரால்டரும் நியூயார்க்கும். தனக்கு அந்தக் குளிர்ந்த அறை.

பின்னால் ஒருநாள், டயாலிசிஸ் படுக்கை பக்கத்தில் கை மரத்துப் போனைப் பிடித்திருக்கும்போதுதான் அவளுக்கு வேறொன்று தோன்றியது. நந்திதா சிரித்தால் அவருக்கு வலிக்கும். நான் சிரித்தால் வலிக்காதா? என்னிடம் ஒளிக்கத் தேவையில்லை என்று நினைத்தது நெருக்கத்திலா, இல்லை நான் என்ன நினைத்தாலும் ஒன்றுமில்லை என்பதாலா? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இனி கேட்க ஆள் இல்லை.

இப்போது ஒரு வாக்கியம் போதும். நாற்காலிகளுக்கு நடுவே நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னால் போதும். வயித்து வலி இல்லடி அது. நந்திதாவின் முகம் எப்படி ஆகும் என்று அவளுக்குத் தெரியும். எல்லாரும் யாரைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்றும் தெரியும். அந்த வாக்கியம் நாக்கின் மேலேயே வந்து உட்கார்ந்திருந்தது. இனிப்பாகக்கூட இருந்தது.

“காப்பி ஆறுதுக்கா,” என்றான் பாபு.

*

குளிப்பாட்டி, நாமம் இட்டு, பாடையில் கிடத்தினார்கள். வாசலில் வைகுண்ட ரதம் பின்பக்கம் திறந்து நின்றது. பெண்கள் சுற்றிவந்து வாய்க்கரிசி போட்டார்கள். நீரஜா தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். தாடையைச் சேர்த்துக் கட்டிய துணி காதுகளுக்கு முன்னால் போய் உச்சியில் முடிந்திருந்தது. காதுகள் வெளியே இருந்தன. வயசான காதுகள். மடல்களில் நரை முடி. போன வாரம் அவள்தான் கத்தரித்துவிட்டாள்.

கங்கையா வந்தார். சட்டையில்லாத உடம்பு, கையில் ஊதுவத்திக் கட்டு. தெருவின் நடுவே இரும்புக் குழாய்கள் வரிசையாக நின்றன. கைமுழம் உயரம்கூட இருக்காது. வாய்களில் செம்மண் அடைத்திருந்தது.

“அம்மா, ஸ்டார்ட் சேசேதா?” தொடங்கட்டுமா என்று தெலுங்கில் நந்திதாவைக் கேட்டார்.

“கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லு,” என்றாள் நீரஜா. “தெருக்கோடில.”

“தள்ளி வெச்சா அது இன்னாக்கா மரியாதை?” நந்திதா குனிந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. இரவெல்லாம் தூங்காத முகம். நைனாவின் மூக்கு அப்படியே அவளுக்கு. நீரஜாவுக்கு அம்மாவின் மூக்கு. “நீ இன்னாவோ மாரி இருக்கற. வேணாமா? நீ வேணான்னா வேணாம்கா. நீதான் கூட இருந்த. நீயே சொல்லு. நைனாக்குப் புடிக்கும் இல்ல?”

கங்கையா காத்திருந்தார். ராம்ப்ரசாத், சீக்கிரம் என்பதுபோலக் கையைக் காட்டினான். பிளெக்சில் நைனா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். தோளில் அந்தக் கை.

அவள் கேட்ட விதத்தில் சண்டையில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். மால்டாக்காரிக்கு முதல்தடவையாக ஒன்று தெரியவில்லை. நீரஜா அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பா, என்றார் நைனா. இவள் இப்போது சிரிக்கமாட்டாள். இவள் உடைந்துபோவாள்.

“புடிக்கும்,” என்றாள் நீரஜா.

நந்திதா எழுந்து கங்கையாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அவர் குனிந்து முதல் குழாயின் திரியில் ஊதுவத்தியை வைத்துவிட்டுப் பின்னால் ஓடினார். குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சுவருக்குப் பின்னே பாய்ந்தார்கள். திரி சீறியது.

நீரஜா இரண்டு கைகளையும் நீட்டி நைனாவின் காதுகளைப் பொத்தினாள்.

வெடித்தது. தெருவின் காக்கைகள் எல்லாம் மேலே கிளம்பின. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. தரை வழியாக வந்த அதிர்வு அவள் முட்டியில் தெரிந்தது. உள்ளங்கைகளின்கீழ் காதுகள் பெட்டியின் குளிரோடு இருந்தன. அவள் இன்னும் அழுத்தினாள். இரண்டாவது. மூன்றாவது. புகை வாசலுக்கு வந்தது.

“அக்காக்காரி மொகத்த உட மாட்டேங்கறா பாரு,” என்று கமலம்மா மூக்கைச் சிந்தினாள். “போதும்டி. உடு. தூக்கணும்.” தோளைப் பிடித்து இழுத்தாள். பாபு, “அக்கா,” என்றான். தூக்குகிறவர்கள் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நீரஜாவின் தோள்கள் ஒவ்வொரு வெடிக்கும் தூக்கிப்போட்டன. கைகள் அசையவில்லை.

பாதியில், புகைக்கு நடுவே, நந்திதா திரும்பிப் பார்த்தாள். தலைமாட்டைப் பார்த்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கைகளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

கங்கையா அடுத்த குழாயை நோக்கிக் குனிந்தார்.